தொலைநோக்கு ஆவணமும் சட்டக் கடமையும்: பல்கலைக்கழகத் திட்டங்களில் சாதி எங்கே?

நாட்டின் பல்கலைக்கழகங்கள் அண்மை ஆண்டுகளில் வெளியிடும் தொலைநோக்கு ஆவணங்களில் இரண்டு சொற்றொடர்கள் தவறாமல் இடம்பெறுகின்றன: ‘நிலைத்த வளர்ச்சி’, ‘உள்ளடக்கிய கல்வி’. இந்த ஆவணங்களை வெற்றுச் சொற்கள் என்று ஒதுக்கிவிடுவதும் தவறு. உறுதிமொழி என்று நம்பிவிடுவதும் தவறு. ஓர் ஒப்பந்தத்தைப் படிப்பதுபோல் அவற்றைப் படிக்க வேண்டும். யார் பொறுப்பு? எவ்வளவு பணம்? எந்தத் தேதிக்குள்? தவறினால் என்ன? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லாத வாக்கியம் எவருக்கும் எந்த உரிமையையும் தராது. ஆனால் அதே வாக்கியத்தை ஏற்கெனவே நடைமுறையில் உள்ள சட்டக் கடமை ஒன்றோடு இணைத்துவிட்டால், நிர்வாகம் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அத்தகைய இணைப்புகளை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

ஆவணம் எங்கிருந்து வருகிறது?

ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனமும் ‘நிறுவன வளர்ச்சித் திட்டம்’ ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 கூறுகிறது. அதற்கான வழிகாட்டுதல்களைப் பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் வெளியிட்டது. இன்று நாம் காணும் தொலைநோக்கு ஆவணங்கள் பலவும் இந்த நிர்ப்பந்தத்தின் விளைவே.

இரண்டாவது ஊற்று, 2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகள். மொத்தம் 17 இலக்குகள். அவற்றின்கீழ் 169 குறியிலக்குகள். நான்காவது இலக்கு தரமான கல்வி. பத்தாவது, ஏற்றத்தாழ்வுகளைக் குறைத்தல். மூன்றாவது ஊற்று தரவரிசை. ஒன்றிய அரசின் தேசியத் தரவரிசைக் கட்டமைப்பு 100 மதிப்பெண்ணில் 10ஐ ‘பரவலும் உள்ளடக்கமும்’ என்ற தலைப்புக்கு ஒதுக்குகிறது. ஆராய்ச்சிக்கு 30, கற்பித்தல் வளங்களுக்கு 30 என்ற பங்கோடு இதை ஒப்பிட்டால், நிர்வாகங்களின் அக்கறை எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்கலாம்.

பெயர் சொல்லாத ஏற்பாடு

இம்மூன்று ஊற்றுகளுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. சாதி என்ற சொல் கரைந்துபோகிறது. கல்விக் கொள்கை, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் ‘சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கிய குழுக்கள்’ என்ற ஒரே கூடையில் வைக்கிறது. தரவரிசைக் கட்டமைப்பு, கல்விக் கட்டணம் முழுமையாக ஈடுசெய்யப்பட்ட மாணவர்களின் விழுக்காட்டை எண்ணுகிறது. ஐ.நா.வின் பத்தாவது இலக்கு வயது, பால், இனம், மதம், பிறப்பு எனப் பட்டியலிட்டாலும் சாதியைக் குறிப்பிடவில்லை. இத்தனைக்கும், வம்சாவளி அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 2002இலேயே தெளிவுபடுத்தியிருந்தது.

பெயர் சொல்லாவிட்டால் கணக்கும் எடுக்கப்படாது. ‘பின்தங்கிய மாணவர் சேர்க்கை உயர்ந்தது’ என்று அறிக்கை சொல்லும். அதில் தலித் மாணவர்கள் எத்தனை பேர், எந்தத் துறைகளில், எத்தனை பேர் இடைநின்றார்கள் என்பது தெரியாது. பெயர் சொல்வது இயலாத செயலன்று. 23 வளாகங்களைக் கொண்டிருந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், மாணவர்களும் ஆசிரியர்களும் போராடியதன் விளைவாக, 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டு எதிர்ப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. அங்கே முடிந்தது, தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17ஆம் உறுப்பு நடைமுறையில் உள்ள நாட்டின் வளாகங்களில் முடியாதா?

முதல் சோதனை: ஆசிரியர் பணியிடங்கள்

உள்ளடக்கிய கல்வி மாணவர் சேர்க்கையோடு முடிவதில்லை. வகுப்பறையில் கற்பிப்பவர், ஆய்வு நெறியாளர், வாய்மொழித் தேர்வில் அமர்பவர் ஆகியோர் யார் என்பதும் அதில் அடங்கும். ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு.

இந்த விழுக்காடுகளை எந்த அலகில் கணக்கிடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சுழற்சிப் பட்டியலில் பட்டியல் சாதியினருக்கு ஏழாவது இடமும் பழங்குடியினருக்குப் பதினான்காவது இடமும் வரும். ஒரு துறையில் இரண்டு பேராசிரியர், நான்கு இணைப் பேராசிரியர், ஆறு உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் உள்ளன என்று கொள்வோம். துறையையே அலகாகக் கொண்டால் எந்த நிலையிலும் ஏழாவது இடம் வராது. பணியிடங்கள் சுழன்று காலியாகும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு இந்த முறைக்கே வழிவகுத்தது. நாடு தழுவிய போராட்டத்துக்குப் பின், 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய ஆசிரியர் பணி இட ஒதுக்கீட்டுச் சட்டம் கல்வி நிறுவனம் முழுவதையும் ஒரே அலகாக ஆக்கியது. ஆயினும் அதன் அட்டவணையில் உள்ள சில ஆய்வு நிறுவனங்களுக்கும் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

சட்டம் வந்தபின்னும் ‘தகுதியானவர் எவரும் இல்லை’ என்று இடங்களைக் காலியாக விடும் பழக்கம் தொடர்கிறது. ஒதுக்கீட்டு இடங்களைப் பொது இடங்களாக மாற்ற வழிவிடும் வரைவு ஒன்றை மானியக் குழு முன்வைத்தது. எதிர்ப்பு எழுந்தபின், அவ்வாறு எந்த இடமும் மாற்றப்படாது என்று 2024 ஜனவரியில் கல்வி அமைச்சகம் விளக்கமளிக்க நேர்ந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் மாநிலச் சட்டமே அளவுகோல். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதனுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு.

எனவே தொலைநோக்கு ஆவணத்தில் தேட வேண்டியது ‘பன்முகத்தன்மை’ என்ற சொல்லை அன்று. நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்களின் எண்ணிக்கையையும் அவற்றை நிரப்பும் தேதியையும்.

இரண்டாவது சோதனை: உதவித்தொகை

மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், பட்டியல் சாதியினரின் கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் வைசிராயிடம் மனு அளித்திருந்தார். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை, ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கீட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. குடும்ப ஆண்டு வருமான உச்சவரம்பு 2.5 லட்சம் ரூபாய்.

பணம் தாமதமாகும்போது அதன் சுமையை மாணவரே சுமக்கிறார். தேர்வு நுழைவுச் சீட்டு மறுக்கப்படுகிறது, விடுதி உணவு நிறுத்தப்படுகிறது, சான்றிதழ் பிடித்துவைக்கப்படுகிறது. மூலச் சான்றிதழ்களை நிறுவனங்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. உள்ளடக்கத்தில் உண்மையான அக்கறை கொண்ட பல்கலைக்கழகம், அரசுப் பணம் வந்துசேரும்வரை கட்டணத்தைக் கேட்காது. விடுதிச் செலவை ஈடுசெய்ய ஒரு சுழல் நிதியையும் வைத்திருக்கும்.

மூன்றாவது சோதனை: பசுமை வளாகத்தின் கழிவுநீர்

நிலைத்த வளர்ச்சி என்ற பகுதியில் சூரிய மின்சாரம், மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவை விரிவாகப் பேசப்படும். அந்தக் கழிவுநீர்த் தொட்டியை யார் சுத்தம் செய்கிறார் என்பது பேசப்படாது. விடுதிகளையும் கழிப்பறைகளையும் தூய்மை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் பெண்களும் ஆண்களும். பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் கீழ் பணியாற்றுவோர். ஆகவே, சூழலியல் தணிக்கை எண்ணாத இந்த உழைப்பையும் சேர்த்தே வளாகத்தின் பசுமையை அளக்க வேண்டும்.

மலக்குழி, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆட்களை அமர்த்துவதைக் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் 2013 குற்றமாக்குகிறது. தனிநபர், உள்ளாட்சி, முகமை என எவருக்கும் அது பொருந்தும், பல்கலைக்கழகம் விதிவிலக்கன்று. கழிவுநீர்க் குழி மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்பது தொழிலாளர் சட்டத்தின் நெடுங்கால விதி. ‘அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர்’ என்ற பதில் இவ்விடத்தில் செல்லாது.

நான்காவது சோதனை: புகாருக்கு யார் பதில் சொல்வது?

ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனமும் சமவாய்ப்புப் பிரிவு ஒன்றை அமைத்து, பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ ஒழுங்குமுறை கூறுகிறது. அந்த விதி இருந்தபோதுதான், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐவரில் ஒருவரான ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிரிழந்தார். பல மாத ஆய்வு உதவித்தொகை அவருக்கு வந்துசேரவில்லை. 2019 மே மாதம் மும்பையில் ஆதிவாசி மருத்துவர் பாயல் தட்வி உயிரிழந்தார். இருவரின் தாய்மாரும் 2019இல் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2012 ஒழுங்குமுறை ஏட்டில் மட்டும் இருக்கிறது என்பதே அவர்களின் வாதம். 2026 ஜனவரியில் மானியக் குழு புதிய ஒழுங்குமுறையை அறிவித்தது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரும் என்றது.

மாணவர்கள் செய்யக்கூடியவை

தொலைநோக்கு ஆவணம் தன்னளவில் சட்டமன்று. ஆனால் அரசுப் பல்கலைக்கழகம் அரசமைப்பின் 12ஆம் உறுப்பின்படி ‘அரசு’. சமத்துவத்துக்கான 14ஆம் உறுப்பும், கல்வி வாய்ப்புக்கான 15(4), 15(5) பிரிவுகளும் அதைக் கட்டுப்படுத்தும். பாகுபாடு தடுப்பு விதிகளைக் கண்டிப்புடன் செயற்படுத்த வேண்டும் என்றும், பின்தங்கிய குழுக்களின் பங்கேற்பை உயர்த்தும் திட்டவட்டமான செயல்திட்டம் வளர்ச்சித் திட்டத்தில் இருக்க வேண்டும் என்றும் தேசியக் கல்விக் கொள்கையே அதன் 14ஆம் இயலில் சொல்கிறது. நிர்வாகத்திடம் அதன் சொற்களையே எடுத்துக்காட்டலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்கீழ், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டிய இந்த ஐந்து கேள்விகளை எழுப்பலாம்:

1. துறைவாரியாக, பிரிவுவாரியாக ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை? பின்னடைவுப் பணியிடங்கள் எத்தனை?
2. கடந்த ஐந்து ஆண்டுகளில் முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்தோர், இடைநின்றோர் எண்ணிக்கை சமூகப் பிரிவுவாரியாக என்ன?
3. உதவித்தொகை நிலுவை காரணமாகத் தேர்வு, சான்றிதழ் மறுக்கப்பட்ட நிகழ்வுகள் எத்தனை?
4. தூய்மைப் பணி ஒப்பந்தத்தின் நகல், கூலிப் பதிவேடு, கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யும் இயந்திரங்களின் விவரம் என்ன?
5. பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் நியமன ஆணையின் தேதி என்ன? பெறப்பட்ட, முடிக்கப்பட்ட புகார்கள் எத்தனை?

தனிநபர் பெயர்களைக் கேட்காமல் எண்ணிக்கையையும் ஆவண நகலையும் மட்டும் கேட்டால், தனியுரிமையைக் காட்டி மறுக்க நிர்வாகத்துக்கு வழியிராது. பதில் கிடைத்ததும் அதைத் தொலைநோக்கு ஆவணத்தின் அருகில் வைத்து மாணவர் அமைப்புகள் வெளியிட வேண்டும். ஆட்சிக் குழுவின் முன் கோரிக்கையாக வைக்க வேண்டும். அடுத்த திட்டம் எழுதப்படும்போது அந்த எண்கள் அதன் முதல் பக்கத்தில் இடம்பெறச் செய்வதே நம் பணி.