எல்லைக்கல்லும் பத்து வெள்ளியும்

ஒரு ரப்பர் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்துக்கு அந்த மண்ணில் எத்தனை அடி சொந்தம்? தாத்தா காட்டை அழித்தார், அப்பா பால்மரம் வெட்டினார், பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்குப் போனார்கள். ஆனாலும் சட்டத்தைக் கேட்டால், ஓர் அடிகூட இல்லை என்பதுதான் பதில்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தென் ஆஸ்திரேலியாவில் 1858-இல் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த நிலப்பதிவு முறையை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாய் மாநிலங்களுக்கு அறிமுகப்படுத்தியவர் வில்லியம் மெக்ஸ்வெல் என்ற ஆங்கிலேய அதிகாரி. அதன் சாரம் எளிமையானது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே உரிமையாளர். 1966 ஜனவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டமும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் பிறர் நிலம் நமதாகாது என்று அச்சட்டத்தின் 341-ஆம் பிரிவு கூறுகிறது. அரசாங்க நிலத்துக்கும் அதே கதிதான் என்கிறது 48-ஆம் பிரிவு.

பதிவேட்டில் பெயர் எழுதினால் மட்டும் போதுமா? எந்த நிலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராவது சொல்ல வேண்டுமே! அங்கேதான் நில அளவையாளர் வருகிறார். அந்தக் காலத்தில் அவர் கையில் இருந்தவை 66 அடிச் சங்கிலியும், கோணம் பார்க்கும் தியோடலைட் கருவியும். பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஓர் ஏக்கர். அவர் அளந்து, எல்லைக்கல் நட்டு, வரைபடம் போட்டுக் கொடுத்த பிறகே இறுதிப் பட்டா பிறக்கும். அளவை முடியாத நிலத்துக்குக் கிடைப்பது தற்காலிக எல்லை கொண்ட பட்டாதான்.

1950-களில் அதே சங்கிலி தோட்டங்களுக்குள் மறுபடியும் வந்தது, இம்முறை நிலத்தைத் துண்டு போட. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களை வாங்கியவர்கள், அவற்றைச் சிறு சிறு நிலங்களாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் மக்கள் அழைத்தது இதைத்தான். சில ஏக்கர் வாங்கியவருக்கு லயத்து வீடுகளும் மருந்தகமும் எதற்கு? தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். புதிய எல்லைக்கற்களில் ஒன்றுகூட அவர்கள் பெயரில் நடப்படவில்லை.

இதற்கு ஒரு விடை தேடியவர் துன் வீ.தி. சம்பந்தன். "நிலம் போகிறதே" என்று அழுது என்ன பயன், நாமே வாங்குவோம் என்பது அவரது எண்ணம். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளி வீதம் கட்டலாம். அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்கு அந்தப் பத்து வெள்ளி சாதாரணத் தொகையல்ல. தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் உறுப்பினர்களைச் சேர்த்தார். 1961-இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதுவே முதல் தோட்டம். பின்னாளில், 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்த 214ஏ பிரிவு நிலச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டா சங்கத்தின் பெயரில் இருந்தது. தொழிலாளிக்குக் கிடைத்தது பங்கு, தனி மனை அல்ல. ஆயினும் அதுவரை அளக்கப்படும் நிலத்தை ஓரமாக நின்று பார்த்தவன், முதன்முறையாக உரிமையாளர்களில் ஒருவனானான்.

வியர்வை சிந்திய உழைப்பு உயர்ந்ததுதான். ஆனால் பதிவேட்டில் வியர்வைக்குப் பத்தி கிடையாது. வீடோ, மனையோ, கோயில் நிலமோ, எதுவானாலும் பட்டா யார் பெயரில் உள்ளது, எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்று நிலம் நம் கையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஐயம் இருந்தால், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைக்கலாம். அவருக்குக் கொடுக்கும் கட்டணம், நாளை வீட்டை விட்டு வெளியேறும் வேதனையைவிட மிகச் சிறியது.