ஏறியதா, இறங்கியதா?

இரண்டு ஒலிகளை அடுத்தடுத்துக் கேட்கிறோம். சுருதி ஏறியதா, இறங்கியதா? ஒருவர் ஏறியது என்றும் இன்னொருவர் இறங்கியது என்றும் சொன்னால், யாருக்கோ காது சரியில்லை என்றுதான் நினைப்போம். அப்படி இல்லை என்று புரிய அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

உளவியலாளர் ரோஜர் ஷெப்பர்ட் பெல் ஆய்வகத்தில் கணினியைக் கொண்டு ஒரு வினோத ஒலியை உருவாக்கி, 1964இல் அதைப் பற்றி எழுதினார். ஒரே ஸ்வரம் எல்லா ஸ்தாயிகளிலும் ஒன்றாக ஒலிக்கும். நடுவில் பலமாக, இரண்டு ஓரங்களிலும் மெலிந்து. என்ன ஸ்வரம்னு தெரியும், எந்த ஸ்தாயின்னு தெரியாது. பன்னிரண்டு ஸ்வரங்களையும் இப்படி வரிசையாக ஒலிக்கவிட்டால், ஏறிக்கொண்டே போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும்!

அந்த வட்டத்தில் பக்கத்து ஸ்வரங்களில் குழப்பம் இல்லை. காது குறுக்கு வழியைப் பிடித்துக்கொள்ளும். நேரெதிரே இருக்கும் இரண்டில்தான் சிக்கல். நம் கணக்கில் ஷட்ஜமும் பிரதி மத்தியமமும் மாதிரி: ஏறினாலும் ஆறு படி, இறங்கினாலும் ஆறு படி. அங்கே பதில்கள் இரண்டாகப் பிரிந்தன.

1986இல் டயானா டாய்ச் இந்த எதிர் ஜோடிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். கேட்பவர்கள் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையான போக்கு இருக்கிறது என்று காட்டினார். 1991இல் கலிபோர்னியாக்காரர்களையும் தென் இங்கிலாந்துக்காரர்களையும் ஒப்பிட்டபோது அவர்களின் போக்குகள் பெரிதும் வேறுபட்டன. வளரும்போது காதில் விழுந்த பேச்சுதான் காரணம் என்பது அவர் வாதம்.

அது ஆண்டுக்கணக்கான பழக்கம். 2017இல் கிளேர் சேம்பர்ஸ், டேனியல் பிரெஸ்னிட்ஸர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, விஷயத்தை விநாடிக் கணக்குக்குக் கொண்டுவந்தது. ஜோடிக்கு முன்னால் சில ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். அவை முதல் ஸ்வரத்துக்கு மேலுள்ள அரை ஸ்தாயியில் இருந்தால் பெரும்பாலும் ஏறியதாகக் கேட்டது. கீழே இருந்தால் இறங்கியதாக. அதே ஜோடி, அதே ஆள், பதில் மட்டும் தலைகீழ். முன்பு கேட்ட அதிர்வெண்கள் இரண்டு ஸ்வரங்களுக்கும் நடுவே பாலம் போடுகின்றன, மூளை அந்த வழியாகவே அவற்றை இணைக்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

டாய்ச் சொன்னதை இது ரத்து செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று நெடுநாள் கேள்வி, மற்றது சற்றுமுன் கேள்வி. இரண்டிலுமே பதில் அந்த ஒலிக்குள் மட்டும் இல்லை. ஆகவே ‘உனக்குக் காது சரியில்லை’ என்று சொல்வதற்கு முன், ‘இதுக்கு முன்னாடி என்ன கேட்டே?’ என்று விசாரிப்பதுதான் நியாயம்.