முடிவுறாக் கட்டடமும் கைமாறும் கடமைகளும்: நியூ ஜெர்சிக் கடற்கரையின் இரு விற்பனைகள்

1. கேள்வி

கடற்கரை நகரம் ஒன்றில் வேலை பாதியில் நின்றுபோன கலப்புப் பயன்பாட்டு வளாகம் விற்பனைக்கு வரும்போது, அது பொதுவாக விலை பற்றிய சிக்கலாகவே பேசப்படுகிறது. கலப்புப் பயன்பாட்டு வளாகம் என்பது குடியிருப்பு, தங்கும் விடுதி, கடைகள், கேளிக்கைக் கூடம் முதலியவற்றை ஒரே மனையில், பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ், ஒன்றையொன்று சார்ந்து நிற்குமாறு அமைப்பது. விலை போதுமான அளவு இறங்கினால் வாங்குவோர் தாமாகவே வருவர், வந்தவர் எஞ்சிய வேலையை முடிப்பர் என்பது விலையை முதன்மைப்படுத்தும் பார்வையின் சாரம். அப்பார்வை பாதி உண்மையே என்பது இக்கட்டுரையின் வாதம். அரைகுறைக் கட்டடம் விற்கப்படும்போது கைமாறுவது செங்கல்லும் கம்பியும் மட்டுமல்ல. நகராட்சிக்கும் கடன் கொடுத்தோருக்கும் குத்தகைதாரருக்கும் மின்சாரம் வழங்குவோருக்கும் முதல் உரிமையாளர் கொடுத்த வாக்குறுதிகளும் அவற்றோடு கைமாறுகின்றன. அவை மறுபடி எழுதப்படாதவரை எந்த விலையும் அக்கட்டடத்தை முடித்துத் தராது என்பதை அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலக் கடற்கரையில் உள்ள அஸ்பரி பார்க், அட்லான்டிக் சிட்டி ஆகிய இரு நகரங்களின் வரலாறு காட்டுகிறது.

2. எஞ்சிய மதிப்பு

முடிவுறாக் கட்டடத்தின் மதிப்பை அதற்கு இதுவரை செலவான தொகையைக் கொண்டு அளக்க முடியாது. செலவான பணம் திரும்பி வராது. வாங்குபவர் பார்ப்பது இனி வரப்போவதை மட்டுமே. எனவே மதிப்பீட்டாளர்கள் முடிந்தபின் வளாகம் பெறக்கூடிய விலையிலிருந்து, எஞ்சிய வேலைக்கான செலவு, அக்காலத்து வட்டி, வரி, காப்பீடு, துணிந்து இறங்குபவருக்கு உரிய ஆதாயம் ஆகியவற்றைக் கழித்து, மிஞ்சுவதையே இன்றைய மதிப்பாகக் கொள்கின்றனர். இது எஞ்சு மதிப்பு முறை எனப்படும். விளக்கத்திற்காக, முடிந்த வளாகம் 100 கோடி பெறும் எனவும், எஞ்சிய வேலைக்கு 60 கோடியும், வட்டி முதலியவற்றுக்கு 12 கோடியும், ஆதாயத்துக்கு 15 கோடியும் ஆகும் எனவும் கொண்டால், இன்றைய மதிப்பு 13 கோடி. எஞ்சிய வேலையின் செலவு பத்தில் ஒரு பங்கு கூடினாலே அம்மதிப்பு 7 கோடியாக, ஏறத்தாழப் பாதியாக இறங்கிவிடுகிறது. முடிந்த வளாகத்தின் விலை நூற்றுக்குப் பதின்மூன்று சரிந்தாலோ ஒன்றுமே மிஞ்சுவதில்லை. சிறிய ஐயமும் பெரிய விலைச்சரிவாக மாறுவது இதனால்தான்.

கடற்கரையில் அந்த ஐயங்கள் பெருகுகின்றன. உப்புக்காற்றில் உள்ள குளோரைடு, மூடப்படாத கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஊடுருவி உள்ளிருக்கும் கம்பியை அடைகிறது. துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. அடுத்த மாடியோடு இணைப்பதற்காகத் தூண்களின் உச்சியில் நீட்டி விடப்பட்ட கம்பிகள் முதலில் அரிக்கப்படுகின்றன. வார்ப்பின்போது எடுத்த சோதனை ஏடுகளும் கட்டியபடி வரைந்த படங்களும் கிடைக்காவிடில், பிறர் எழுப்பிய தூணுக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிடப் புதிய பொறியாளர் தயங்குவார். விதிகளும் இதற்கிடையே மாறிவிடுகின்றன. 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ்க் கடலோரக் கட்டுமானத்தை நெறிப்படுத்திவரும் நியூ ஜெர்சி, 2012 அக்டோபரில் சாண்டிப் புயல் தாக்கியபின், 2013 ஜனவரியில் உயர்த்தப்பட்ட வெள்ள மட்டங்களைக் கட்டுமான அளவுகோலாக ஏற்றது. தரைத்தளம் வார்க்கப்பட்ட நாளில் சரியாக இருந்த உயரம், விற்கப்படும் நாளில் போதாமல் போகலாம். ஆகவே காலத்தாழ்வு வட்டியோடு நிற்பதில்லை. அது கட்டடத்தையே பழையதாக்குகிறது.

3. ஒன்றையொன்று தாங்கும் பகுதிகள்

தனி வீட்டுத் தொகுதி ஒன்று பாதியில் நின்றால், முடிந்த வீடுகளை விற்று முடியாதவற்றைக் கட்டலாம். கலப்புப் பயன்பாட்டு வளாகத்தில் அவ்வழி குறுகியது. குடியேறியவர்கள் இல்லாமல் கடைகளுக்கு வாடிக்கையாளர் இல்லை. கடைகளும் விடுதியும் இல்லாமல் வீடுகளுக்கு நல்ல விலை இல்லை. குளிரூட்டும் நிலையம், மின்னாக்க நிலையம், மின்தூக்கி, வண்டி நிறுத்துமிடம் ஆகியவையோ எல்லாப் பகுதிகளுக்கும் பொது. ஒரு பகுதிக்கு வாங்குபவர் கிடைத்தாலும், பொதுவானவற்றைக் கட்டி முடிக்கும் பொறுப்பு யாருடையது என்பது தீராமல் அதைப் பிரித்து விற்க இயலாது.

இதோடு பருவமும் சேர்கிறது. நியூ ஜெர்சிக் கடற்கரை நகரங்களின் வருவாய் பெரிதும் மே மாத இறுதிக்கும் செப்டம்பர் முதல் வாரத்துக்கும் இடைப்பட்ட கோடையைச் சார்ந்தது. ஜூனில் திறக்க வேண்டிய விடுதி அக்டோபரில் திறந்தால் இழப்பு நான்கு மாதமன்று, ஓராண்டு. விற்பனை ஒப்பந்தம் முடியும் நாள் கோடைக்கு முன்னா பின்னா என்பதும் விலையின் ஒரு பகுதியே.

4. அஸ்பரி பார்க்: உரிமை முடங்கிய நகரம்

1871இல் ஜேம்ஸ் பிராட்லி என்ற தூரிகை உற்பத்தியாளரால் நிறுவப்பட்ட அஸ்பரி பார்க், நியூயார்க்கிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிறு நகரம். பல தலைமுறைகள் உல்லாசத் தலமாக விளங்கிய அந்நகரம், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தளரத் தொடங்கி, 1970 ஜூலையில் நிகழ்ந்த இனக்கலவரத்துக்குப்பின் மேலும் நலிவுற்றது. 1980களில் கடலோரத்தை மீட்டெடுக்க விரும்பிய நகராட்சி, கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த கராபெட்டா நிறுவனத்துக்கு ஒட்டுமொத்த மேம்பாட்டு உரிமையை வழங்கியது. அந்நிறுவனம் எழுப்பத் தொடங்கிய அடுக்குமாடிக் கட்டடம் எலும்புக்கூடாக நிற்கும்போதே பணம் தீர்ந்தது. 1992இல் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. சி-8 என்ற மனைக்குறியீட்டாலேயே அழைக்கப்பட்ட அந்த எலும்புக்கூடு, 2006 ஏப்ரலில் வெடிவைத்துத் தகர்க்கப்படும்வரை கடற்கரையில் நின்றது.

இவ்வளவு காலம் அது அசையாமல் நின்றதற்குக் கட்டடத்தின் விலை மட்டும் காரணமன்று. கடலோரம் முழுவதையும் மேம்படுத்தும் தனியுரிமை ஒரே நிறுவனத்தின் சொத்தாகத் திவால் வழக்கில் அகப்பட்டிருந்ததால், நகராட்சி நினைத்தாலும் பக்கத்து மனையை வேறொருவருக்குத் தர இயலவில்லை. ஒரு கட்டடத்தின் தோல்வி, ஒப்பந்தத்தின் வடிவத்தால், நகரத்தின் தோல்வியாயிற்று. 2001இல் அவ்வுரிமைகள் அஸ்பரி பார்ட்னர்ஸ் என்ற புதிய குழுவின் கைக்கு வந்தபின், மறு ஆண்டு புதிய மேம்பாட்டுத் திட்டம் இயற்றப்பட்டது. சி-8 நின்ற இடத்தில் எஸ்பெரான்சா என்ற மற்றோர் அடுக்குமாடித் திட்டம் தொடங்கி, வீட்டுச் சந்தை சரிந்த 2007ஆம் ஆண்டை ஒட்டி அதுவும் நின்றது. ஒரே மனையில் இரண்டாம் முறையாக அரைகுறைக் கட்டுமானம் எஞ்சியது.

இரண்டாம் தேக்கத்தின் முடிவு வேறாக அமைந்தது. கடன் கொடுத்திருந்த ஐஸ்டார் நிறுவனம் கடலோர மேம்பாட்டு உரிமையைத் தானே ஏற்றது. அதைக் கிடைத்த விலைக்கு உடனே தள்ளிவிடாமல், நகராட்சியோடு ஒப்பந்த நிபந்தனைகளைத் திருத்திக்கொண்டு, சிறிய பணிகளிலிருந்து தொடங்கியது. பழைய சால்வேஷன் ஆர்மி கட்டடம் 2016இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. இவ்வாறு நகரத்துக்கு வருவோர் தொகை வளர்ந்தபின்னரே பெரிய கோபுரம் எழுந்தது. 17 மாடிகளும் 130 வீடுகளும் 54 அறைகள் கொண்ட விடுதியும் தரைத்தளக் கடைகளுமாக, அஸ்பரி ஓஷன் கிளப் என்ற பெயரில் 2019இல் திறக்கப்பட்ட அக்கோபுரம் நிற்பது, இருமுறை கைவிடப்பட்ட அதே மனையில்தான்.

5. ரெவல்: விலை இறங்கியும் திறவாத கதவு

அட்லான்டிக் சிட்டியின் ரெவல் வளாகத்தின் கட்டுமானம் 2007இல் தொடங்கியது. 47 மாடிக் கோபுரம், சூதாட்டக்கூடம், அரங்குகள், உணவகங்கள், கடைகள் ஆகியவை சேர்ந்த அத்திட்டத்தில் பெரும்பங்கு வைத்திருந்த மார்கன் ஸ்டான்லி வங்கி, நிதி நெருக்கடிக்குப்பின் 2010இல் தன் பங்கை விற்க முடிவு செய்து, முதலீட்டின் பெரும்பகுதியை இழப்பாகக் கணக்கெழுதியது. 2011இல் மாநில அரசு எதிர்கால வரி வருவாயிலிருந்து 261 மில்லியன் டாலர்வரை சலுகை தர இசைந்ததும், புதுக்கடன் திரட்டப்பட்டு வேலை தொடர்ந்தது. ஏறத்தாழ 2.4 பில்லியன் டாலர் செலவில் 2012 ஏப்ரலில் திறந்த ரெவல், 2013இல் ஒருமுறையும் 2014 ஜூனில் மறுமுறையும் திவால் நீதிமன்றம் சென்றது. கோடை முடிந்த கையோடு, 2014 செப்டம்பர் 2 அன்று மூடப்பட்டது. அவ்வாண்டில் அந்நகரில் மூடப்பட்ட நான்கு சூதாட்ட விடுதிகளுள் அது ஒன்று.

அமெரிக்கத் திவால் சட்டத்தின் 363ஆம் பிரிவு, பற்றுரிமைகள், அதாவது கடன் கொடுத்தோர் சொத்தின்மீது கொண்டிருக்கும் பிடிப்புகள், நீங்கிய தூய சொத்தாக விற்க நீதிமன்றத்துக்கு வழிசெய்கிறது. ரெவலும் அவ்வாறே ஏலத்துக்கு வந்தது. 110 மில்லியன் டாலருக்கு ஏலம் எடுத்த புரூக்ஃபீல்டு நிறுவனம் சில வாரங்களிலேயே விலகிக்கொண்டது. வளாகத்துக்கு மின்சாரமும் வெந்நீரும் குளிர்நீரும் வழங்குவதற்கெனவே வேறொரு நிறுவனம் தனிக்கடன் பெற்றுக் கட்டிய நிலையத்தோடு இருந்த ஒப்பந்தத்தின் சுமை குறித்து உடன்பாடு எட்டப்படாததே காரணம். 2015 ஏப்ரலில் புளோரிடாவைச் சேர்ந்த முதலீட்டாளர் ஒருவரின் நிறுவனம் 82 மில்லியன் டாலருக்கு, அதாவது கட்டிய செலவில் நூற்றுக்கு நான்குக்கும் குறைவான விலைக்கு, வளாகத்தைப் பெற்றது. உடனே மின்வழங்கல் துண்டிக்கப்பட்டது. திவால் சட்டத்தின் 365ஆம் பிரிவு, உரிமையாளர் நொடித்தாலும் தம் இடத்தில் தொடரும் உரிமையைக் குத்தகைதாரருக்கு வழங்குவதால், உள்ளே இரவு விடுதி நடத்தியவர்கள் தொடர்ந்த வழக்கில், தூய விற்பனை அவர்களது குத்தகையைத் துடைப்பதற்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இடத்தை வாடகைக்கு விடுவோர்க்குச் சூதாட்ட உரிமம் வேண்டுமா என்ற பூசலும் எழுந்தது. 2018 ஜனவரியில் வளாகம் மீண்டும் 200 மில்லியன் டாலருக்கு விற்கப்பட்டு, ஜூன் இறுதியில் ஓஷன் என்ற புதிய பெயரில் திறந்தது.

ரெவல் கட்டி முடிந்தபின் விற்கப்பட்டதாயிற்றே என்று கூறலாம். ஆயினும் திட்டமிட்ட இரு கோபுரங்களுள் ஒன்றே எழுந்த அவ்வளாகம், தன் கடன்களைத் தாங்கும் அளவில் ஒருபோதும் முடிவுறவில்லை. விலையே தடையாக இருந்திருப்பின், 82 மில்லியனுக்குக் கிடைத்த வளாகம் உடனே இயங்கியிருக்க வேண்டும். அது மூன்றாண்டுகள் இருண்டு கிடந்தது. இரு மடங்குக்கும் மேலான விலைக்குக் கைமாறிய ஆண்டிலோ திறந்தது. மின்வழங்கல், குத்தகை, உரிமம் பற்றிய சிக்கல்களை முன்பே தீர்த்திருந்தால் அம்மூன்று கோடைகள் வீணாகியிரா.

6. எதிர்வாதமும் விடையும்

விற்பனையோடு நிபந்தனைகளைப் பிணைத்தால் வாங்குவோர் விலகுவர், ஆகவே கடமைகளைக் களைந்து விரைந்து விற்பதே நகரத்துக்கும் நல்லது என்பது வலுவான எதிர்வாதம். அஸ்பரி பார்க்கின் முதல் அனுபவமே அதற்குச் சான்றாகலாம்: ஒப்பந்தக் கட்டுதான் அங்கே பல ஆண்டுகளாக நகரத்தை முடக்கியது. ஆயினும் அங்கே தீங்கு செய்தது கடமையின் இருப்பன்று. கால எல்லையோ மனைவாரியான பிரிவோ இல்லாத தனியுரிமை. மறுபுறம், கடமைகளைக் களைந்ததாகக் கருதப்பட்ட ரெவல் விற்பனையில் அவை மறையவில்லை. ஏலத்துக்கு முன் பேச்சில் தீர வேண்டியவை ஏலத்துக்குப்பின் வழக்குகளாகத் திரும்பின.

நியூ ஜெர்சியின் 1992ஆம் ஆண்டு மறுமேம்பாட்டுச் சட்டம், அதன்கீழ் ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம் நகராட்சியின் எழுத்துவழி இசைவின்றித் திட்டத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்கிறது. இவ்விசைவு உரிமையை வெறும் தடுப்பதிகாரமாகக் காணாமல், விற்பனை மேசையில் நகரத்துக்கு உரிய இருக்கையாகக் கொள்வதே தகும். வாங்குபவரின் பணவலிமை, வேலையை முடிக்கும் கால அட்டவணை, தவறினால் மனை நகராட்சிக்கே மீளும் என்ற விதி, இறுதியில் கட்டடத்தை இடிப்பதற்கான வைப்புத்தொகை ஆகிய நான்கும் விலைக்கு முன் எழுதப்பட வேண்டியவை.

7. முடிவு

இவ்விரு நகரங்களின் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, முடிவுறா வளாகத்தின் விற்பனையில் மின்னாக்கம், குத்தகை, உரிமம் போன்ற தொடர்கடமைகள் ஏலத்துக்கு முன்பே கணக்கெடுத்துத் தீர்க்கப்பட வேண்டும். இரண்டாவது, மேம்பாட்டு உரிமை மனைவாரியாகவும் கால எல்லையோடும் வழங்கப்பட வேண்டும். ஒருவரது நொடிப்பு ஊரின் நொடிப்பாகலாகாது. மூன்றாவது, அதிக விலை தருபவரைவிட வேலையை முடிக்க வல்லவரே சிறந்த வாங்குபவர். 110 மில்லியன் டாலர் ஏலம் சில வாரங்களில் கலைந்ததும், அஸ்பரி பார்க்கில் பொறுத்திருந்த கடன் கொடுத்தவர் முடித்துக் காட்டியதும் இதற்குச் சான்று. உப்புக்காற்றில் துருவேறும் கம்பியை அன்றாடம் பார்த்து வாழ்வோர் அவ்வூர் மக்களே. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் விற்பனை நாள் ஒரு கணக்கு முடியும் நாள். மக்களுக்கோ தம் கடற்கரை திரும்பக் கிடைக்குமா என்பது தீர்மானமாகும் நாள். ஆகையால் அத்தகைய விற்பனையில் நகராட்சிக்குச் சான்றாளர் என்ற இடம் போதாது. ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் மூன்றாம் தரப்பாக அது இருந்தாக வேண்டும்.