பித்தளைக் குழலில் பொறித்த எண்கள்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலின் ஒன்பது நிலை இராஜகோபுரம் ஏறத்தாழ 125 அடி உயரமுடையது. தொலைவிலுள்ள பொருளின் உருவம் தெளிவாக விழும் தளத்திற்கும் லென்ஸுக்கும் இடைப்பட்ட நீளமே குவியத்தூரம் எனப்படும். அது 15 அங்குலமாக உள்ள பழைய லென்ஸைக் கொண்டு இக்கோபுரத்தைத் தகட்டில் 12 அங்குல உயரத்தில் பதிக்க விரும்பும் படக்கலைஞர் சுமார் 156 அடி தள்ளி நிற்க வேண்டும். 10 அங்குல லென்ஸாயின் 104 அடி போதும். இக்கணக்கைத் திருப்பிப் போட்டால், குவியத்தூரமும் காமிரா நின்ற இடமும் தெரிந்த பழைய படத்திலிருந்து, பின்னாளில் இடிந்தோ மாற்றப்பட்டோ போன கட்டடப் பகுதியின் அளவை மீட்டெடுக்க முடியும். ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் மைடன்பாவர் இந்த அடிப்படையிலேயே படமளவை முறையை வளர்த்தார். 1885-இல் பிரஷ்ய அரசு அதற்கென ஒரு நிறுவனத்தையே அமைத்தது.

தமிழகக் கோயில்களின் படங்களுள் இத்தகைய ஆய்வுக்கு உரியவை பல உள. சென்னை அரசின் படக்கலைஞரான லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரை, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களைப் படமெடுத்ததோடு, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை இணைத்து ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இது வியக்கத்தக்க சாதனை. ஏனெனில் முன்புறம் துளைத்தடுப்பு (ஒளி புகும் அளவைக் குறுக்கும் துளையிட்ட தகடு) வைத்த ஒற்றை லென்ஸில் ஓர நேர்கோடுகள் வெளிநோக்கி வளைவதால், ஒரு படத்தின் எழுத்து வரி அடுத்த படத்தின் வரியோடு எளிதில் பொருந்தாது. 1866-இல் லென்ஸ் தயாரிப்பாளர்களான லண்டன் டால்மேயரும் மியூனிக் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே, ஒத்த இரு லென்ஸ் தொகுதிகளின் நடுவே துளைத்தடுப்பை அமைத்து, ஒன்றின் வளைவை மற்றொன்று ஈடுசெய்யும்படி செய்த பின்னரே இக்குறை பெரிதும் நீங்கியது.

ஆகவே பழைய படத்தை அளவிட, அதை எடுத்த லென்ஸ் எது என்று அறிய வேண்டும். பழைய லென்ஸின் பித்தளைக் குழலில் செய்தவர் பெயர், ஊர், வரிசை எண், துளை எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றுள் துளை எண்ணே படிப்போரை மிகுதியும் ஏமாற்றும். குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துப் பெறும் எண்ணே இன்று வழங்குகிறது. ஆனால் 1881-இல் பிரிட்டனின் ஒளிப்படச் சங்கம் வகுத்த முறையில் 8 என்பது இன்றைய 11-ஐயும், 4 என்பது இன்றைய 8-ஐயும் குறிக்கும். 16 மட்டுமே இரண்டிலும் ஒன்று. முறையைக் குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதிவைத்த பட்டியல் ஆய்வாளருக்குப் பயன்படாது.

தென்மாவட்டங்களின் பழைய ஸ்டுடியோக்களில் எஞ்சியுள்ள லென்ஸ்களை உடையோர், பித்தளையைப் பளபளப்பாகத் தேய்க்குமுன் அதன் எழுத்துகளையும் எண்களையும் அப்படியே எழுதி, குவியத்தூரத்தை அளந்து, அந்த லென்ஸில் எடுத்த படங்களோடு சேர்த்து வைக்க வேண்டும்.