‘மிட்வைஃப்’: சொல்லுக்குள் இருக்கும் பெண் யார்?

ஆங்கிலத்தில் ஆண், பெண் பேதத்தை வெளிப்படையாகக் காட்டும் தொழிற்பெயர்கள் கடந்த அரை நூற்றாண்டில் ஒவ்வொன்றாக ஓரங்கட்டப்பட்டு வந்திருக்கின்றன. ‘எயார் ஹொஸ்டஸ்’ போய்விட்டார். ‘சேர்மன்’ பல இடங்களில் வெறும் ‘சேர்’ ஆகிவிட்டார். ஆனால், பெண் என்பதைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ‘மிட்வைஃப்’ என்ற பெயரை எவரும் அசைக்கவில்லை. அது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், மகப்பேறு என்ற தொழில் யாருடைய கைக்கு எப்போது போனது என்ற வரலாற்றுக்குள் சென்றுவிடுகிறோம்.

இச்சொல்லில் உள்ள ‘வைஃப்’ மனைவி அல்ல. பழைய ஆங்கிலத்தில் அது பெண் என்ற பொதுப்பொருளையே தந்தது. ‘மிட்’ என்பதும் நடு அல்ல; ‘உடன்’ என்பதே அதன் பொருள். ஜேர்மன் மொழியில் இன்றும் அதே பொருளில் அச்சொல் வழங்குகிறது. 1300ஆம் ஆண்டளவில் எழுத்தில் தோன்றும் இப்பெயரை இரண்டு விதமாகப் பிரித்துப் படிக்கலாம். பிரசவ வேளையில் ‘உடனிருக்கும் பெண்’ என்று கொண்டால், பெண் என்பவர் தொழில் செய்பவர். ‘பெண்ணுடன் இருப்பவர்’ என்று கொண்டால், அந்தப் பெண் பிள்ளை பெறுகின்ற தாய். உடனிருப்பவர் யாராகவும் இருக்கலாம். வெறும் இலக்கணச் சர்ச்சை போலத் தோன்றும் இந்த வேறுபாடு, பிற்காலத்தில் பலருடைய தொழிலுரிமையோடு சம்பந்தப்பட்டது.

பதினேழாம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் பிரசவ அறை ஆண்களுக்குப் பெரும்பாலும் மூடப்பட்டிருந்தது. சேம்பர்லன் குடும்பத்தினர் இடுக்கி போன்ற ஒரு கருவியைக் கண்டுபிடித்து, நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமது குடும்ப இரகசியமாகவே அதை வைத்திருந்தனர். (எத்தனை தாய்மாரின் உயிர் அந்த இரகசியத்துக்கு விலையாயிற்றோ!) கருவியோடு ஆண்களும் அறைக்குள் வந்தனர். அவர்களுக்குப் பெயர் வேண்டுமே? ‘ஆண் மிட்வைஃப்’ என்றனர். ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் ஸ்மெல்லி லண்டனில் பெருந்தொகையான மாணவர்களுக்கு இக்கலையைப் போதித்து, 1752இல் நூலும் வெளியிட்டார். பாரிஸில் பயிற்சி பெற்ற எலிசபெத் நிஹெல் என்ற பெண் 1760இல் அவருக்கு எதிராக ஒரு நூலே எழுதினார். கருவிகளைக் கையாளும் ஆண்களின் அவசரம் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து என்பது அவருடைய வாதம். 1793இல் வெளிவந்த ஒரு கண்டன நூலின் முகப்புப் படத்தில் பாதி ஆணும் பாதி பெண்ணுமான உருவம் ஒன்று நின்றது. ஆண் பக்கத்தில் கருவிகள். பெண் பக்கத்தில் அடுப்பங்கரை.

கேலிக்கு இடந்தரும் பெயரைச் சுமக்க மருத்துவர்கள் விரும்பவில்லை. முதலில் பிரெஞ்சு மொழியிலிருந்து ‘அக்கூஷர்’ என்ற பெயரைக் கடன் வாங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘ஒப்ஸ்ரெற்றிசியன்’ என்ற பெயர் நிலைபெற்றது. வேடிக்கை என்னவென்றால், இதற்கு மூலமான ‘ஒப்ஸ்ரெற்றிக்ஸ்’ என்ற இலத்தீன் சொல் பெண்பாற் சொல். மருத்துவிச்சி என்பதே அதன் பொருள். கௌரவம் தேடிய ஆண்கள் ஆங்கில மருத்துவிச்சியின் பெயரைக் கைவிட்டு, இலத்தீன் மருத்துவிச்சியின் பெயரை எடுத்துக்கொண்டனர்!

பெண்களிடம் எஞ்சிய பெயருக்கு 1902இல் சட்டம் காவலாக வந்தது. அவ்வாண்டுச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சான்றிதழ் பெறாத பெண் எவரும் 1905 முதல் தன்னை ‘மிட்வைஃப்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. 1910 முதல் கூலிக்காக வழமையாகப் பிரசவம் பார்க்கவும் முடியாது. பயிற்சி பெற்றோருக்கு அது பாதுகாப்பு என்பதை மறுக்க முடியாது. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்த ஏழைப் பெண்கள் பலர் பெயரையும் பிழைப்பையும் இழந்தனர். மேற்பார்வை செய்த மத்திய சபையில் ஒரு மருத்துவிச்சியாவது இருக்கவேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பின்னர் காற்று எதிர்த்திசையில் வீசியது. பிரித்தானியாவில் பால்வேறுபாட்டுக்கு எதிராக 1975இல் இயற்றப்பட்ட சட்டம்கூட, இத்தொழிலுக்கு ஆண்கள் வருவதைக் கட்டுப்படுத்தியது. 1983இல்தான் அத்தடை நீங்கியது. பெயரை மாற்றவேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது கைகொடுத்தது, மேலே சொன்ன இரண்டாவது வாசிப்பு. ‘பெண்ணுடன் இருப்பவர்’ ஆணாகவும் இருக்கலாம் அல்லவா? அன்று திறந்த கதவால் உள்ளே வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்பது வேறு விடயம்.

பிரான்சில் 1982இல் ஆண்களுக்கு இடமளித்தபோது, ‘அறிவுள்ள பெண்’ என்று பொருள்படும் பழைய பெயருக்குப் பதிலாக மொழி அக்கடமி கிரேக்க வேரிலிருந்து புதிய பெயர் ஒன்றைப் பரிந்துரைத்தது. மக்கள் வழக்கில் அது வேர்பிடிக்கவில்லை. ஜேர்மனியில் ஆண்களுக்கெனத் தனிப்பெயர் இருந்தது. 2020இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை நீக்கி, பழைய பெண்பாற் பெயரையே எல்லோருக்கும் பொதுவாக்கியது. எனக்குப் பிடித்த தீர்வு இதுதான்.

தமிழில் நாம் என்ன செய்தோம்? ‘மருத்துவிச்சி’ என்பது ‘மருத்துவன்’ என்பதன் நேரான பெண்பால். ஆனால் ‘மருத்துவர்’ பட்டம் பெற்ற டொக்டராக உயர்ந்தார். ‘மருத்துவிச்சி’ ஊரில் பிள்ளைப்பேறு பார்ப்பவராகவே நின்றுவிட்டார். பெண் டொக்டர் எவரையும் அப்பெயரால் அழைக்க யாருக்கும் துணிவு வராது. இலத்தீன் சொல்லுக்கு நேர்ந்த அதே கதை!

கொழும்பில் 1879இல் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. இணுவிலில் 1898இல் மக்லியோட் வைத்தியசாலை தோன்றியது. களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. வீடு வீடாகச் சென்று தாய்மாரைப் பார்க்கும் அரச ஊழியர் உருவானபோது, பழைய பெயர் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். ‘மருத்துவமாது’ என்ற பெயர் வழக்குக்கு வந்தது. தொண்ணூறுகளில் நான் செய்தி மொழிபெயர்ப்பில் இருந்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் என்னவென்று மூத்த உதவி ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். “அரச சம்பளம் வாங்கினால் மருத்துவமாது, நெல்லும் சேலையும் வாங்கினால் மருத்துவிச்சி” என்றார்.

1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010களில் அத்தொகை நாற்பதுக்கும் கீழ். அந்த வீழ்ச்சியில் இப்பெண்களின் கால்நடைக்கும் சைக்கிளுக்கும் பெரும் பங்குண்டு. இப்போது வடக்கில் அவர்களுடைய பெயர் ‘குடும்பநல உத்தியோகத்தர்’. பெண்ணும் இல்லை, பிரசவமும் இல்லை, உடனிருத்தலும் இல்லை; உத்தியோகம் மட்டும் இருக்கிறது. அரச கடிதங்களில் அது பொருத்தமாக இருக்கலாம். ஊரிலோ, “மிட்வைஃப் வந்திட்டுப் போறா” என்றுதான் இன்னமும் சொல்கிறார்கள்.