பட்டறையில் பனிக்காலம்: ஃபிராங்க்ளினும் இரண்டு ஸ்வீடன்காரர்களும்

மினசோட்டாவில் எங்கள் வீட்டுக் கராஜில் பாதி காருக்கு, பாதி என் மரவேலைப் பட்டறைக்கு. நவம்பரில் பூட்டினால் மறுபடி திறப்பது ஏப்ரலில்தான். வருஷத்தில் ஐந்து மாசம் சும்மா கிடக்கிறதேன்னு புரோபேன் சிலிண்டரில் மாட்டுகிற ஹீட்டர் ஒன்று வாங்கினேன். அன்றைக்கு வெளியே மைனஸ் 24 டிகிரி. உள்ளே அரை மணி நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றுகிற அளவுக்குச் சூடு. ரெண்டு மணி நேரம் சந்தோஷமா வேலை பார்த்துட்டு, அணைச்சுட்டு வந்துட்டேன்.

மறுநாள் பார்த்தால் இழைப்புளியின் அடிப்பக்கம் முழுக்க ஆரஞ்சு நிறத் துரு. உளிகள், ரம்பம், டேபிள் சாவின் வார்ப்பிரும்பு மேசை, எல்லாத்திலும் அதே கதை.

காரணம் பள்ளிக்கூட வேதியியல்தான். 44 கிராம் புரோபேன் எரிந்தால் 72 கிராம் தண்ணீர் வரும். கிலோவுக்கு 1.6 லிட்டர். ஒன்பது கிலோ சிலிண்டரை முழுசா எரித்தால் ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீரை ஆவியாக்கி அறைக்குள் விட்ட கணக்கு. காற்று சீக்கிரம் சூடாகிவிடும். ஆனால் ராத்திரியெல்லாம் மைனஸில் கிடந்த வார்ப்பிரும்பு அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. ஐஸ் போட்ட டம்ளர் வேர்க்கிற மாதிரி என் கருவிகள் எல்லாம் வேர்த்திருக்கு. நான் காற்றைத்தான் சூடாக்கினேன், பட்டறையை அல்ல.

சரி, புரோபேனும் மின்சாரமும் இல்லாத காலத்தில் வடக்கத்திக்காரர்கள் என்ன செய்தார்கள்? மினசோட்டாவில் தடுக்கி விழுந்தால் ஒரு ஆண்டர்சன் மேல்தான் விழணும். 19ஆம் நூற்றாண்டில் அவ்வளவு ஸ்வீடன்காரர்கள் இங்கே குடியேறியிருக்கிறார்கள். அதனால் தேடலை அங்கிருந்தே தொடங்கினேன்.

முதல் விடை கொஞ்சம் ஏமாற்றம்தான். பண்ணை வீடுகளில் பனிக்காலக் கைவேலைக்கென்று தனிப் பட்டறை பெரும்பாலும் கிடையாது. வேலைதான் நெருப்பைத் தேடி வந்திருக்கு. பின்லாந்துப் பண்ணை வீட்டில் பிர்ட்டி என்று ஒரு பெரிய அறை. ஒரு மூலையில் பிரம்மாண்டமான அடுப்பு. சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். பனிக்காலத்தில் ஆண்கள் கருவிப் பிடி செதுக்குவதும் சறுக்கு வண்டி செய்வதும், பெண்கள் நூல் நூற்பதும் அதே அறையில்தான். ஸ்வீடனில் இந்த வீட்டுக் கைவேலைக்கு ஸ்லோய்ட் என்று பெயர். 1866இல் பின்லாந்து தன் பள்ளிகளில் கைவேலையைப் பாடமாக்கியதே இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். ஸ்வீடனின் மோரா வட்டாரத்தில் நிலம் கொஞ்சம், வறுமை அதிகம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே குடும்பம் குடும்பமாகப் பாகங்களைப் பிரித்துக்கொண்டு கடிகாரம் செய்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒரு பாகம், அடுத்த வீட்டில் இன்னொன்று. இன்றைக்கு மோரா கத்தி என்று உலகம் பூரா விற்கிறதே, அதுவும் அந்த வட்டாரம்தான்.

ஆனால் அந்த நெருப்புக்கு விறகு வேணுமே. 18ஆம் நூற்றாண்டில் கை வைத்தது அதில்தான்.

நமக்குத் தெரிந்த பெயர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அச்சுக்கூடம் வைத்திருந்தவர். ஒரு காலத்தில் வீட்டு வாசலிலேயே கிடைத்த விறகைச் சில ஊர்களில் இப்போ நூறு மைல் தாண்டிக் கொண்டுவர வேண்டியிருக்கு என்று 1744இல் வெளியிட்ட சிறு நூலில் அங்கலாய்க்கிறார். திறந்த கணப்படுப்பில் முன்பக்கம் கருகும், முதுகு உறையும். புகைபோக்கி வழியாகப் போகிற சூடான காற்று, ஜன்னல் இடுக்கிலிருந்து குளிர்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். இதைச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார். பென்சில்வேனியாவின் ஜெர்மானியர்கள் மூடிய இரும்பு அடுப்பு வைத்திருந்தார்கள். அதில் நல்ல சூடு உண்டு, ஆனால் நெருப்பைக் கண்ணால் பார்க்க முடியாது, அறைக் காற்றும் மாறாது என்று அவருக்குக் குறை. ரெண்டையும் சேர்க்கப் பார்த்தார். முன்பக்கம் திறந்த ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே தடுப்புகள் வைத்த காற்றறை. புகை மேலே ஏறி, பின்னால் கீழே இறங்கி, தரைக்கடியில் போய், பிறகுதான் புகைபோக்கிக்குள் நுழையும்.

சிக்கல் அங்கேதான். புகை தானாகக் கீழே இறங்காது. புகைபோக்கி ஏற்கெனவே சூடாக இருந்து இழுத்தால்தான் இறங்கும். நெருப்பு கொஞ்சம் அடங்கினாலும் புகை வீட்டுக்குள். ஆளுநர் காப்புரிமை தருகிறேன் என்றபோது ஃபிராங்க்ளின் வேண்டாம் என்றது எல்லா வாழ்க்கை வரலாற்றிலும் வரும். பின்னால் வந்தவர்கள் அந்த இறங்குபாதையையே எடுத்துவிட்டு, டேவிட் ரிட்டன்ஹவுஸ் மாதிரி நேராகப் புகைபோக்கிக்குக் குழாய் விட்டது அவ்வளவாக வராது. இன்றைக்கு ஃபிராங்க்ளின் அடுப்பு என்று விற்பதில் ஃபிராங்க்ளினுடைய யோசனை ரொம்பக் குறைச்சல்.

என் கணிப்பில் இன்னொரு குறையும் உண்டு. இரும்பு மெல்லிசு. சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். எங்கள் மென்பொருள் பாஷையில் சொன்னால் பஃபரே இல்லாத சிஸ்டம். அணைத்த கொஞ்ச நேரத்தில் அறை பழைய குளிருக்குத் திரும்பிவிடும், என் புரோபேன் ஹீட்டர் மாதிரியே.

இதே விறகுப் பஞ்சத்துக்கு ஸ்வீடன் கண்ட வழி வேறு. அங்கே இரும்பு உருக்கும் ஆலைகள் காட்டையெல்லாம் கரியாக்கிக்கொண்டிருந்தன. அரசாங்கம் கவலைப்பட்டு, கார்ல் யோஹான் குரூன்ஸ்டெட் என்ற கட்டடக் கலைஞரிடமும் ஃபேபியன் விரேடே என்ற ராணுவத் தளபதியிடமும் வேலையைக் கொடுத்தது. 1767இல் அவர்கள் வெளியிட்ட வடிவமைப்பில் அடுப்பு முழுக்கச் செங்கல், வெளியே ஓடு. புகை உள்ளே ஐந்து பாதைகளில் ஏறி இறங்கி, சூட்டையெல்லாம் செங்கல்லுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போகும். நாள் முழுக்க எரிக்க வேண்டாம். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, நல்ல சுள்ளென்ற நெருப்பு. எரிந்து முடிந்ததும் புகைப்பாதையைத் தட்டுப் போட்டு மூடிவிடணும். மீதி நேரமெல்லாம் செங்கல் பார்த்துக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டன் செங்கல் 50 டிகிரி ஆறினால் சுமார் 42 மெகாஜூல் வெளிவரும். 1200 வாட் ஹீட்டரைப் பத்து மணி நேரம் ஓடவிட்டதற்குச் சமம்! முதலில் பணக்காரர் மாளிகைகளில்தான் இது இருந்தது. அலங்காரம் இல்லாத எளிய வடிவங்கள் சாதாரண வீடுகளுக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லியே ஆகணும். தணல் இருக்கும்போதே, சூடு வீணாகுதேன்னு அவசரப்பட்டு மூடினால், நிறமில்லாத, வாசனையில்லாத வாயு அறைக்குள் தேங்கும். ஸ்வீடிஷில் இதற்கு கோலோஸ் என்று தனிச்சொல்லே இருக்கு. அது கரியும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள் என்று வில்லியம் குரூக்ஷாங்க் காட்டியது 1800 வாக்கில்தான். மிச்சம் பிடிக்க நினைத்த ஒரு கட்டை விறகுக்காக, தூக்கத்திலேயே போனவர்கள் அதற்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கை நடுங்கியது. துருப் பிடித்த அடுத்த வாரமும் நான் அதே ஹீட்டரைப் போட்டேன். சூடு போகக்கூடாதுன்னு கராஜ் கதவின் அடி இடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் லேசான தலைவலி. தூசியால் இருக்கும்னு நினைச்சேன். வீட்டுக்குள் போகிற கதவுக்குப் பக்கத்தில் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினப்பதான் வெளியே ஓடினேன். அந்த அலாரத்தை மாட்டியது நான் இல்லை, எனக்கு முன் இந்த வீட்டில் இருந்தவர்.

ஹீட்டரை அன்றோடு மூட்டை கட்டிட்டேன். செங்கல் அடுப்பு கட்ட ஆசைதான். ஆனால் இங்கே அஸ்திவாரம் பனி இறங்குகிற ஆழத்துக்குக் கீழே போகணும். மாநிலத்தின் தெற்கில் 42 அங்குலம், வடக்கில் 60. அதற்கு ஆகிற செலவில் இன்னொரு கராஜே வந்துவிடும். கதவிலும் சுவரிலும் ஃபோம் பலகை ஒட்டினேன், அடியில் ரப்பர் பட்டை. எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர் ஒன்றை 7 டிகிரியில் வைத்து, நவம்பர் முதல் மார்ச் வரை அணைக்காமலே விட்டேன். பட்டறையில் எனக்கு இப்பவும் ஸ்வெட்டர் வேணும். ஆனால் மேசையும் உளியும் தரையும் ஒரே நிதானத்தில் இருக்கின்றன, செங்கல்லின் வேலையை அவையே பார்க்கின்றன. கரண்ட் பில் கூடிவிட்டது, மறைக்கவில்லை. போன ஜனவரியில் மைனஸ் 31 அடித்த காலையில் இழைப்புளியைத் திருப்பிப் பார்த்தேன். துரு இல்லை.

பசை மட்டும் ஒத்துவரவில்லை. சாதாரண மரப் பசை சுமார் 10 டிகிரிக்குக் கீழே வெளுத்துப் பொடிப்பொடியாகப் போகும், பிடிக்காது. அதனால் பசை டப்பா சமையலறையில்தான் இருக்கு. ஒட்ட வேண்டிய சின்னத் துண்டுகளையும் அங்கேயே கொண்டுவந்து ஒட்டிவிடுகிறேன். பனிக்காலத்தில் இட்லி மாவு பொங்க அவனுக்குள் லைட்டைப் போட்டு வைப்போமே, அந்த மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், கிளாம்ப் மாட்டிய ஒரு படச் சட்டம் ரெண்டு நாள் இருந்தது. மூணாவது நாள் மனைவி பார்த்துவிட்டாள்.