கணிதம் மொழி மாறிய ஆண்டுகளும் தற்காலிக ஆசிரியரும்

தற்காலிக ஆசிரியர் நம் தோட்டப்புறத்திற்குப் புதியவர் அல்லர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கப் பணிக்கலாம் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. பள்ளி எழுந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு எங்கே போவது? கங்காணியும் கிராணியும் ஓய்ந்த வேளையில் பாடம் சொன்ன தோட்டங்கள் பல. 1965இல் தொடக்கப்பள்ளி முடித்த அனைவருக்கும் இடைநிலைப்பள்ளிக் கதவு திறந்தபோது, அதே பற்றாக்குறை அங்கும் வந்து சேர்ந்தது.

ஆயினும் பெற்றோர்களே, 2003இல் நிகழ்ந்ததுதான் என் நெஞ்சில் நிற்கிறது. அவ்வாண்டு சனவரியில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறின. முதலாம் ஆண்டிலும் படிவம் 1இலும் ஒரே வேளையில் தொடங்கியதைக் கவனியுங்கள். இடையில் இருந்தவர்கள் தமிழிலேயே கணிதம் பயின்று ஆறாம் ஆண்டை முடித்தார்கள். 2003 முதல் 2008 வரை படிவம் 1இல் நுழைந்த ஆறு ஆண்டு மாணவர்கள், ஒரு விடுமுறை கழிந்ததும் ஆங்கிலக் கணித நூலைத் திறந்தார்கள்.

அக்காலத்தில் கோலசிலாங்கூர் வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் ஓராண்டு ஒப்பந்தத்தில் கணிதம் கற்பித்தேன். 'பெரிமீட்டர்' என்றால் விழித்த பின்வரிசை, 'சுற்றளவு' என்றதும் ஒரே குரலில் விடை சொல்லிற்று. கணக்கு அவர்களுக்குத் தெரியும். அதன் பெயர்தான் தெரியவில்லை! எந்தப் பிள்ளை எந்தச் சொல்லில் இடறுகிறான் என்று அறியவே எனக்கு ஆறு மாதம் பிடித்தது. ஆண்டிறுதியில் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்து வந்தவரும் தற்காலிக ஆசிரியரே. அவருக்குத் தமிழ் தெரியாது. நான் அறிந்து வைத்திருந்ததை ஒப்படைக்க ஓர் ஏடும் இல்லை. சம்பளத்தைவிட இதுவே எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009 சூலை 8இல் அறிவிக்கப்பட்டது. பற்றாக்குறையோ தீரவில்லை. 2021இல் 18,702 ஆசிரியர்களை ஒரே முறையில் சேர்க்கும் சிறப்பு அறிவிப்பு வந்தபோது, கல்வியியல் பட்டம் இல்லாதோரும் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்டனர்.

புஞ்சாக் ஆலாம் இன்று பல்கலைக்கழக வளாகம் உள்ள நகரம். ஈஜோக், ஜெராம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோ இன்றும் படிவம் 1இல் கணிதத்தை வேற்று மொழியில்தான் தொடர்கிறார்கள். என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆண்டிறுதியில் கணிதச் சொற்களை மும்மொழியில் எழுதித் தருகிறேன். 'பின்னம், பெச்சாஹான், ஃபிராக்‌ஷன்' என்பது முதல் வரி. வேண்டும் பெற்றோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.